மெத்தைக்கு அடியில் பெல்ட்

நாரின் பஸ் நிலையத்தில் காலை ஆறு மணி ஷேர் டாக்ஸியில் ஏறியதுமே எனக்கு ரத்தம் கொதித்தது. பின்சீட்டு முழுக்கப் பஞ்சு மெத்தையை விரித்து, பெல்ட்டுகளை அதற்கு அடியில் புதைத்திருந்தான் டிரைவர் தாலாய். முன்சீட்டு பெல்ட்டின் பூட்டில், பெல்ட் போடாததற்கு எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்கச் சந்தையில் விற்கிற இரும்புத் துண்டைச் செருகியிருந்தான்.

நான் புருல்ச்சா. இருபத்திரண்டு வருஷமாக எலும்புமுறிவு வார்டில் நர்ஸ். காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்று புதுச் சட்டத்தில் ஒரு பிரிவு வரப்போகிறது. அதைப் பற்றி நாடாளுமன்றக் குழு முன்னால் பேச, பன்னிரண்டு மணிக்கு நான் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்க வேண்டும். யாரும் வந்து சொல்லாவிட்டால் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்களாம். காட்டுவதற்கென்று குழந்தை இருக்கை ஒன்றையும் தூக்கி வந்திருந்தேன்.

பெல்ட்டைத் தேடி மெத்தையைத் தூக்கினேன். தாலாய்க்கு முகம் சுண்டிப்போனது.

"என்னக்கா, என் கை மேல நம்பிக்கை இல்லையா? டோலோன் கணவாயில இருபது வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் கிடையாது."

"எங்க வார்டுல படுத்திருக்கிறவனுக்கும் முந்தின நாள் வரைக்கும் கீறல் கிடையாது தம்பி."

முன்சீட்டில் ஒரு இளம்பெண். மடியில் இரண்டு வயசுப் பையன், ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, உனக்குப் புள்ளை வேணுமா வேண்டாமா? பிரேக் போட்டா முதல்ல கண்ணாடியில போய் மோதுறது அவன்தான்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்சீட்டின் நடுவில் இடம் காலியாகத்தான் இருந்தது. என் இருக்கையை அங்கே வைத்துப் பையனைக் கட்டும்வரை கார் நகராது என்று ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கம்பளி வியாபாரி கத்தினார்: "அடேயப்பா, பெரிய மந்திரி வந்துட்டாங்க! எங்க பொழப்பு என்னாவுறது?"

தாலாய் இறங்கி வந்து என் பையையும் இருக்கையையும் வெளியே வைத்தான். "நடந்தே போங்கக்கா. அதுக்கு பெல்ட் தேவையில்லை."

இறங்கினேன். கார் பத்தடி போய் நின்றது. முன்கதவு திறந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணும் இறங்கிவிட்டாள்.

ஆறு மணி கார் மட்டும்தான் நேரத்துக்குக் கிளம்பும்; மற்றதெல்லாம் ஆள் நிறைந்தால்தான். மணி பன்னிரண்டாகியும் இரண்டு இடம் காலி. குழுவின் குமாஸ்தாவுக்கு போன் போட்டேன். நேரில் வந்தால்தான் பேச விடுவோம் என்றான்.

"நேர்ல வர்ற வழியிலதான் தம்பி ஜனங்க சாகுறாங்க! அதைச் சொல்லத்தான் கூப்பிடுறேன். போனை மைக்குல வை."

வைத்தான். வார்டில் பார்த்ததையெல்லாம் கொட்டினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, தாய் மடியை விடப் பத்திரமான இடம் உலகத்துல உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, என் பேரு கனிஷாய். மிரண்டு ஓடுற குதிரையை இழுத்து நிறுத்துற கை என் கை. மூத்தவளை இந்தக் கையாலதான் கட்டிப் பிடிச்சிருந்தேன். கார் மோதினப்போ என் கையிலிருந்து பறந்து போயிட்டா. நான் சரியாப் பிடிக்கலைன்னு ஊரே சொல்லுது. யாரு பிடிச்சாலும் நிக்காதுன்னு உங்க சட்டத்துல எழுதுங்கய்யா."

தலைவர் இந்த முறை சிரிக்காமல் மெல்லச் சொன்னார்: "அந்தப் பிரிவு இருக்கட்டும். எடுக்க வேண்டாம்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஊரைப் போலத்தானே காலையில் நானும் அவள் மேலேயே பழியைப் போட்டேன்?

"அப்புறம் ஏம்மா பெல்ட் கேக்கல?"

"நேத்து மூணு கார்ல கேட்டேன்க்கா. மூணு பேரும் இறக்கி விட்டாங்க. இவனுக்குக் காது வலி, டாக்டர்கிட்ட காட்டணும். நாலாவது கார்ல கேக்கல."

"ஆள் நிறைஞ்சாச்சு, ஏறுங்க!" என்று புது டிரைவர் கூவினான். இந்தக் காரிலும் அதே மெத்தை. ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் கனிஷாய் பிடித்தாள். இழுத்துத் தரையில் போட்டோம்.

"ஏய், ஏய்! என்ன பண்றீங்க?"

"பெல்ட் தேடுறோம்ணே," என்றாள் கனிஷாய். "இந்தத் தடவை நாங்க இறங்க மாட்டோம்."