நின்ற இடத்தில் நடக்கிற மெஷின்

கம்பம் மெட்டு மலை வளைவுகளில் ஜீப்பை ஒற்றைக் கையால் ஒடித்துத் திருப்புகிற சுருளிராஜன், வீரபாண்டித் திருவிழாப் பொருட்காட்சியில், சமதரையில், நின்ற இடத்திலேயே நடந்து சுருண்டு விழுந்தான் என்றால் யார் நம்புவார்கள்? கண்ணால் பார்த்த பாண்டியம்மாளே நம்பவில்லை.

முந்தின நாள்தான் அவளை அவன் ஜீப்பிலிருந்து நிறுத்தியிருந்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் அது. பாதி மலை ஏறுமுன்னே அவளுக்குக் குமட்டிவிடும். வண்டியை ஓரங்கட்ட வேண்டும், தோட்டத்துக்கு நேரமாகும், கங்காணி ஏசுவார்.

"திங்கக்கிழமையிலருந்து நீ வர வேணாம்க்கா. நான் ரோட்டப் பாக்கவா, ஒன் வாயப் பாக்கவா?"

மலை வேலை இல்லையென்றால் அவள் வீட்டில் உலை இல்லை. ஜீப் முதலாளி அப்துல் அஜீஸ் ராவுத்தர் வருசம் தவறாமல் தோட்டத்துப் பெண்களைத் திருவிழாவுக்குக் கூட்டி வருவார். அவளும் வந்தாள். நல்ல நேரம் பார்த்து டிரைவரிடம் கெஞ்சலாம் என்றுதான்.

பொருட்காட்சியில் ஒரு கடையில் தரையோடு ஒரு ரப்பர் பட்டை ஓடியது. சுற்றிலும் கம்பி. கண்ணை மூடுகிற ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு அதன்மேல் நடந்தால் கண்ணுக்குள் பனிமலை வருமாம்.

"தல சுத்துறவங்க ஏறாதீங்க" என்றான் கடைக்காரன்.

"அந்தா நிக்கிறாகளே, அந்தக்காகிட்டச் சொல்லுங்க. நான் மலையிலயே கெடக்குறவன்" என்று ஏறினான் சுருளி.

முதலில் கையை ஆட்டிச் சிரித்தான். பிறகு ஒரு கொட்டாவி விட்டான். பாண்டியம்மாளுக்கு அந்தக் கொட்டாவி எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நெற்றியில் வேர்வை பூத்தது, உதடு வெளுத்தது. பெட்டியைக் கழற்றியவன் கம்பியைத் தேடிப் பிடிப்பதற்குள் மூட்டையாகச் சரிந்தான். கை நடுங்கியது. வாயோரம் எச்சில் வடிந்தது.

"வலிப்பு வந்துருச்சு. இரும்பக் குடுங்கடி கையில" என்றாள் கூட வந்த சந்தனம்மாள். அவன் சட்டைப்பையிலிருந்த ஜீப் சாவியையே எடுத்து அவன் கையில் திணித்தார்கள்.

ராவுத்தர் ஓடி வந்தார். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே, இந்த நோவ மறைச்சுக்கிட்டா இத்தன பொம்பளையாளுகள மலையேத்துன?"

மூடிய விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டார். சுருளி பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாந்திதான் வந்தது.

பாண்டியம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். கொட்டாவி, வேர்வை, வெளுத்த உதடு. தினமும் மலையில் தனக்கு வருவது. வெளியே நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"ராவுத்தரையா, இது வலிப்பு இல்ல. எனக்கு வர்றதுதான்."

"நீ மலையிலல்ல வாந்தி எடுக்குற. இவன் தரையில நிக்கிறான்."

அவள் சுருளியின் பக்கத்தில் குந்தினாள்.

"தம்பி, அதுல நானும் ஏறிக் காட்டுறேன். திங்கக்கிழம எனக்கு எடம் உண்டா?"

கண்ணைத் திறக்காமல் தலையாட்டினான்.

"வாயால சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்."

"உண்டுக்கா."

"கிறுக்குப் பிடிச்சிருச்சாடி ஒனக்கு?" சந்தனம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பாண்டியம்மாள் அதை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

வெள்ளை மலை. நடுவில் ஒரு பாதை. பாதை அவளை நோக்கி ஓடி வந்தது, முகத்தில் காற்றுதான் அடிக்கவில்லை. கண் ஒரு பக்கம் போயிற்று, வயிறு இருந்த இடத்திலேயே நின்றது. கொட்டாவி வந்தது. இத்தனை காலம் வாயைப் பொத்தி அடக்கியே பழகியவள் அன்றைக்கு எதையும் அடக்கவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு, தின்ற பஞ்சுமிட்டாயிலிருந்து அத்தனையையும் ராவுத்தரின் வெள்ளைக் கைலி ஓரத்திலேயே கொட்டினாள்.

ராவுத்தர் கைலியைப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வெளுத்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம்.

"என்ன எழவுடா இது" என்றார் கடைக்காரனிடம். பிறகு சுருளியிடம், "இன்னிக்கி நான் ஓட்டுறேன். திங்கக்கிழம நீயே வண்டிய எடு."

சுருளி அவள் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"யக்கா, தெனமும் இப்பிடியா இருக்கும் ஒனக்கு?"

"தெனமும்தான்." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழம எனக்கு முன்சீட்டு."

வாயைத் திறந்தால் மறுபடியும் வந்துவிடும் என்ற பயத்தில், அவன் தலையை மட்டும் வேகமாக ஆட்டினான்.