விழித்திருந்து பெற்ற பிள்ளை

வயிற்றில் பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது என்று ஸ்கேன் அறையில் சொன்னபோது, “இன்னொரு தடவை பாருங்க” என்றாள் வேன் அக்கா. இன்னொரு தடவையும் பார்த்தார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, இனித் தள்ள இடமில்லை என்றான பிறகுதான் போன வாரம் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

நச்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக் கிடந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு வழி இருக்கும்மா. முழுசா தூங்க வெச்சிடலாம். கண் முழிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். இல்லேன்னா முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைக்கலாம். வலி தெரியாது. ஆனா முழிச்சிருப்பீங்க. உடம்புக்கு அதுதான் நல்லது. மனசு தாங்குமான்னு நீங்கதான் சொல்லணும்.”

“தூங்க வெச்சிடுங்க டாக்டர்” என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை, வெளியே நின்று ஜோக் அடித்தே சிரிக்க வைத்துவிடுவான். அன்று அவன் வாய் உலர்ந்து கிடந்தது.

“எனக்கு முதுகுலயே போடுங்க” என்றாள் அவள்.

“உனக்கென்ன பைத்தியமா? எதுக்குப் பாக்கணும்? பாத்துட்டு காலம் பூரா எப்படி இருப்ப?”

“பாக்காம எப்படி இருப்பேன், அதைச் சொல்லுங்க. அது வெளிய வர்ற நேரத்துல நானும் தூங்கிட்டா, அதுக்குன்னு அங்க யாருங்க இருக்கா?”

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

“ரத்தம் ரொம்பப் போச்சுன்னா தூங்க வெச்சிடுவேன். அப்போ என்கூட சண்டை போடக்கூடாது” என்றார் டாக்டரம்மா.

“போட மாட்டேன்.”

தியேட்டரில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்காரச் சொன்னார்கள். வயிறு இடித்தது. முதுகில் சில்லென்று எதையோ துடைத்தார்கள். சுருக்கென்று ஒரு குத்து. வெந்நீர் இறங்குவதுபோல் இரண்டு கால்களிலும் சூடு பரவியது. கொஞ்ச நேரத்தில் அவை யாருடைய கால்களோ ஆகிவிட்டன. மரத்துவிட்டதா என்று பார்க்க, டாக்டரம்மா வயிற்றில் ஏதோ மருந்தைப் பீய்ச்சிக் கேட்டார்.

“சில்லுன்னு இருக்கா?”

“படுறது தெரியுது. சில்லுன்னு இல்ல.”

மார்புக்கு நேரே மறைப்பாகப் பச்சைத் துணியைக் கட்டினார்கள். கணவனை உள்ளே விட்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். பெட்டிக்குள் கைவிட்டு அடியில் கிடப்பதைத் தேடுவதுபோல் வயிற்றுக்குள் இழுப்பு. வலியே இல்லை. வலித்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இழுப்பு நின்றது. எல்லாம் தெரிந்தவள்தான். இருந்தும் காது தன் பாட்டுக்கு ஓர் அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தது.

“பொண்ணு” என்றாள் நர்ஸ் மெல்ல. துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கன்னத்தோடு கன்னம் ஒட்ட வைத்தாள்.

“ஏங்க, சூடா இருக்கா இவ!” சொன்ன பிறகுதான் அது தன் உடம்புச் சூடு என்று அவளுக்கு உறைத்தது. ஆறுவதற்குள் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“ரத்தம் நிக்கலம்மா. தூங்க வைக்கப் போறேன்” என்றது டாக்டரம்மாவின் குரல்.

அவள் சண்டை போடவில்லை. “ஏங்க, பிடிங்க இவள.”

“என்னால முடியாதும்மா...”

“கையை நீட்டுங்கன்னா!”

நீட்டினான். துண்டு அவன் கைக்குப் போனதைப் பார்த்தபடியே அவள் முகமூடிக்குள் மூச்சை இழுத்தாள்.

விழித்தபோது வார்டில் வெயில் சாய்ந்திருந்தது. உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டதாக டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையைத் திருப்பினாள். தியேட்டர் அங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தான் கணவன். மடியில் துண்டு.

“கீழ வைக்கலையா?”

“கேட்டாங்க. குடுக்கல.”

நாற்காலியை இழுத்துப்போட்டு, பிள்ளையை அவள் தோளோரம் படுக்க வைத்தான். இப்போது குளிர்ந்திருந்தது. வெகுநேரம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“மூக்கு உங்க வீட்டு மூக்கு” என்றான் அவன்.

“எங்க வீட்ல யாருக்கு சப்பை மூக்கு? உங்க அக்கா ஜாடை அப்படியே.”

“எங்க அக்கா காதுல விழுந்தா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் சுரீரென்று இழுத்தது. சிரித்த வாய் அப்படியே கோணி, அழுகை பீறிட்டது. அவன் தன் நெற்றியை அவள் நெற்றியில் முட்டிக்கொண்டு தானும் அழுதான்.

அழுது ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நீண்ட விரல் அவனுடையது. முகவாய்க் குழி அவளுடையது. காது மட்டும் யாருடையது என்று பிடிபடவே இல்லை. இரண்டு குடும்பத்திலும் தேடிப் பார்த்துவிட்டு, அது பிள்ளை தனக்கே தனக்கென்று கொண்டுவந்த காது என்று முடிவு செய்தார்கள்.