மருந்துச் செலவு குறைந்த வீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சலவைக்கடையில் நாள் முழுக்க நீராவி இஸ்திரியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வாயாவது நீளமாக இருக்க வேண்டாமா? அதனால்தான், குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த என் தங்கை, அங்கே பெற்றோருக்குப் பண விஷயம் சொல்லித்தர ஒரு மேடம் வந்திருக்கிறார், இலவசம் என்று சொன்னபோது, இருமலுக்குப் போன இடத்தில் இல்லாத பணத்தைப் பற்றிப் பாடமா என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கைக்கு ஒரே மகள், ஒன்பது வயது. எந்நேரமும் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் குருவி என்று கூப்பிடுவோம். கைக்குழந்தையாக இருந்தபோதே மூச்சிழுப்பு வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் இருக்கும் இரண்டு அறையில் பின்பக்கச் சுவர் எப்போதும் ஈரம். துடைக்கத் துடைக்கக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். இந்தச் சுவரை விட்டுப் போனால் பிள்ளையின் நெஞ்சு தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வீட்டுக்கு முன்பணம் வேண்டும். தங்கையின் புருஷன் விட்டுப்போனதோ தவணை பாக்கி மட்டும்தான்.

அந்த மேடத்தைக் குறை சொல்லத்தான் ஆசை, ஆனால் பொய்யாகிவிடும். கெட்டிக்காரி. கடன்காரர்களிடம் தானே பேசி, தவணையைச் சின்னதாக்கி, வாசலில் வந்து கத்துகிறவனின் வாயை அடைத்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்து, தொட்டதற்கெல்லாம் பிள்ளைமேல் எரிந்து விழுந்த என் தங்கை, நிம்மதியாகத் தூங்கினாள். அம்மாவுக்குப் பணக்கவலை குறைந்தால் குழந்தையின் உடம்பும் தேறும், அதற்காகத்தான் மருத்துவமனையே தன்னை வைத்திருக்கிறது என்று மேடம் சொன்னாளாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

குருவியை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. ஆகையால் ஒவ்வொரு வாரமும் அவளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். எதை நிறுத்தலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று பெரியவர்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது. மேடத்துக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். நீதான் இந்த வீட்டு நிதி அமைச்சர் என்று பட்டம் கொடுத்து, செங்கல் செங்கலாக ஒரு வீடு வரைந்து தந்தாள். வீட்டில் ஒரு செலவை மிச்சம் பிடித்தால் ஒரு செங்கலுக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். எல்லாம் சிவந்தால் புது வீடு.

அமைச்சர் பதவி பலமாகத்தான் நடந்தது. ஐஸ்கிரீம் வேண்டாம் என்றாள், ஒரு செங்கல். கடிக்கிற ஷூவே போதும் என்றாள், இன்னொன்று. நான் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டால் கரண்டியைப் பிடித்து நிறுத்துவாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

பிறகு மருந்து மிஞ்ச ஆரம்பித்தது. காலையும் மாலையும் வாயில் வைத்து உறிஞ்ச வேண்டிய இன்ஹேலர் பம்ப் அது. உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால், பெரிய மனுஷியாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே எங்களுக்கு 'ஸ்ஸ்' என்று கேட்கும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'ஸ்ஸ்', அப்புறம் கொப்பளிக்கும் சத்தம். தங்கைக்கு அந்தச் சத்தம் போதும். கேட்டதும் டிபன் டப்பாவை மூடுவாள். பம்ப் தீரவில்லை, புதிதாக வாங்கத் தேவையில்லை என்றதும், பிள்ளை தேறிவிட்டாள், அதனால்தான் மூச்சு முட்டும்போது இடையில் கூடுதலாக அடிக்கிறது குறைந்துவிட்டது என்று அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். இதைச் சொன்னபோது மேடத்துக்கே கண் கலங்கிவிட்டதாம்.

எனக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மாடிப்படியில் தடதடவென்று ஏறுகிறவள் பாதியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதே படியில் அதே லேஸ். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். முக்கியமாக, கீச்சுக்கீச்சு நின்றுபோயிருந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தங்கையிடம் சொன்னேன்.

"நாலு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதேக்கா," என்றாள் அவள். "புள்ளை பொறுப்பா மாறியிருக்கா. அதுக்கும் ஒரு நொட்டையா?"

அன்றைக்கு எனக்கு விடுமுறை. துவைப்பதற்காகப் படுக்கையிலிருந்து தலையணை உறைகளை உருவிக்கொண்டிருந்தேன். குருவியின் உறைக்குள்ளிருந்து ஏதோ கனமாக என் காலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பம்ப். குலுக்கினேன், நிறைய இருந்தது. அப்போது சாத்திய குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து 'ஸ்ஸ்' என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'ஸ்ஸ்'. அப்புறம் வாய் கொப்பளிக்கும் சத்தம். சமையலறையில் தங்கை டிபன் டப்பாவை மூடினாள்.

பம்ப் என் கையில் இருந்தது.

கதவு திறந்தது. மோவாயில் தண்ணீர் சொட்ட வந்தவள் என் கையைப் பார்த்தாள். அழவில்லை. ரகசியம் பேசுகிறவள் போலக் கிட்டே வந்தாள்.

"அம்மாகிட்ட... சொல்லாதீங்க பெரியம்மா. இன்னும்... ஒரு வரிசைக் கல்லுதான். புது வீட்ல... இழுப்பே வராதே. அப்ப இந்த மருந்து... வீண்தானே?"

இதைச் சொல்லி முடிக்க அவள் எத்தனை முறை நிற்க வேண்டியிருந்தது. கழுத்துக்குழி உள்ளே உள்ளே போயிற்று. உதட்டில் நிறமில்லை. நான் போட்ட கூச்சலில் தங்கை ஓடிவந்தாள். மூச்சு முட்டினால் அடிக்கவென்று பள்ளிப் பையில் இருந்த அவசரப் பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினோம், திரும்பத் திரும்ப அழுத்தினோம். இழுக்க அவளிடம் மூச்சு இல்லை. தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பஞ்சு மூட்டை கூட அவளைவிடக் கனம்.

அதே மருத்துவமனை. நர்ஸ் முகமூடியை மாட்டி, ஏதோ ஒரு மெஷினைத் திருகினாள். புகைபோல மருந்து வந்தது. குருவியின் கண் முகமூடியிலிருந்து குழாய்க்குப் போயிற்று, குழாயிலிருந்து மெஷினுக்குப் போயிற்று. விரலால் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"இதுக்கு... எவ்வளவும்மா?"

என் தங்கையின் வாய் கோணிக்கொண்டது. நான்தான் முந்திக்கொண்டு, "காசே கிடையாதுடீ கண்ணு, சும்மா குடுக்கறாங்க. நல்லா இழு," என்றேன். சீட்டாட்டத்தில் நான் ஏமாற்றும்போது பார்ப்பாளே, அதே பார்வை பார்த்தாள். நர்ஸ் அவள் விரலை எடுத்துவிட்டு முகமூடியை அழுத்திப் பொருத்தினாள். ஆழமா இழும்மா, ஆழமா இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குருவி தன் அம்மாவையே பார்த்தபடி இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, தேவைக்கு மட்டும்.