எஞ்சின் மாற்றுக் குழுவின் பிற விடயங்கள்

மரியகொறற்றிக்குக் கார் லைசன்ஸ் கிடைத்தது நாற்பத்தாறாவது வயதில், ஏழாவது தடவையில். முதல் ஆறு தடவையும் கிளட்ச்தான் அவள் காலை வாரியது. மேட்டில் நிறுத்தினால் கார் பின்னுக்கு உருளும். உருளாவிட்டால் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். ஆறாவது தடவை பரீட்சை எடுக்க வந்த நோர்வேஜியப் பெண்மணி பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். கடைசியில் ஓட்டம் பழக்கியவரே மனமிரங்கி, கிளட்ச் இல்லாத ஒட்டோமெற்றிக் காரில் ஓடிப் பார்க்கச் சொன்னார். கொறற்றி ஓடினாள், பாஸானாள். லைசன்ஸ் அட்டையின் பின்பக்கத்தில் 78 என்று ஓர் இலக்கம் விழுந்தது. ஒட்டோமெற்றிக் மட்டும் ஓடலாம், கியர்க் காரைத் தொடக்கூடாது என்று அதற்குப் பொருள். கியரைத் தொடும் ஆசை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

பிறகு ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினாள். பழசு, ஆயிரத்து முந்நூறு சிசி, ஒட்டோமெற்றிக். எட்டு வருடமாக விடிய ஐந்தே முக்காலுக்கு ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வெளிக்கிட்டு, குரோருட்டில் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு அதில்தான் வேலைக்குப் போனாள். இருபத்தைந்து நிமிட ஓட்டம். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவளை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், தேத்தண்ணி கேட்கமாட்டார்கள், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று விசாரிக்கமாட்டார்கள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

அந்தக் காருக்குச் சனி பிடித்தது ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை. கொறற்றியின் தமையன் ஸ்ரனிஸ்லாஸ் வீட்டுக்குப் போகிற வழியில், குரோருட் மேட்டில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேஜிய அம்மா மின்சாரச் சைக்கிளில் அவர்களை முந்திக்கொண்டு போனார். போகும்போது கையையும் அசைத்தார். கொறற்றிக்கு அது ஒரு செய்தியே அல்ல, திருப்பிக் கையசைத்தாள். பக்கத்தில் இருந்த புருஷன் றெஜினோல்டுக்கு முகம் செத்துப்போயிற்று. போதாக்குறைக்கு ஸ்ரனிஸ்லாஸ் அதைப் பல்கனியில் நின்று பார்த்துவிட்டார்.

"மச்சான், சைக்கிள் முந்துற காரிலையோ என்ரை தங்கச்சியை ஏத்திக்கொண்டு திரியிறீர்?" என்று வாசலிலேயே கேட்டார். சாப்பாடு முடிவதற்குள் பெரிய எஞ்சின் போடுவதென்று முடிவாயிற்று. கார் யாருடையது என்ற கேள்வி மேசைக்கு வரவில்லை.

"ரெண்டு கிழமைதான், உனக்குத்தான் நல்லது. கார்த் திறப்பைத் தா" என்றார் றெஜினோல்ட். கொறற்றி கொடுத்தாள். அந்த மடத்தனத்துக்கு அவள் பிறகு தன்னையே எத்தனையோ நாள் திட்டிக்கொண்டாள்.

ஸ்ரனிஸ்லாஸ் தலைவராக இல்லாத சங்கம் ஒஸ்லோவில் இனிமேல்தான் தொடங்கப்பட வேண்டும். ஒரு எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்ற ஒரு மெக்கானிக்கும் ஒரு கராஜும் போதும் என்று ஊர் உலகம் நினைக்கும். ஸ்ரனிஸ்லாஸ் அப்படி நினைக்கிற ஆள் அல்ல. 'எஞ்சின் மாற்றுக் குழு' தொடங்கினார். தலைவர் அவர், செயலாளர் றெஜினோல்ட். போஷகர் ஒருவர், உப தலைவர்கள் இருவர். எஞ்சினைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர், இருபது வருடமாகக் கராஜில் வேலை செய்கிற ஸ்ரீஸ்கந்தராசா. அவர் சாதாரண அங்கத்தவர்.

கூட்டங்கள் கொறற்றியின் வீட்டு ஹோலில் நடந்தன. செபம், சென்ற கூட்ட அறிக்கை, அதன் மீதான திருத்தம், திருத்தத்தின் மீதான விவாதம் என்று நிகழ்ச்சிநிரல் நீளும். கடைசியாக, ஏழாவதாக, 'பிற விடயங்கள்'. முதல் கூட்டத்திலேயே ஸ்ரீஸ்கந்தராசா கையை உயர்த்தி, "அண்ணை, இந்தக் கியர்பொக்ஸ்..." என்று தொடங்கினார்.

"நல்ல விசயம் சிறி. பிற விடயங்களிலை எடுப்பம்" என்றார் தலைவர்.

ஆறாவது முடிகிற நேரம் கொறற்றி குசினியிலிருந்து சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்து வைப்பாள். அதோடு கூட்டம் கலைந்துவிடும். ஸ்ரீஸ்கந்தராசா அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பார். "தம்பி, ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்று அவள் இன்னொரு ரோல்ஸை அவர் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தை மாதம் குழு உடைந்தது. எஞ்சின் என்பது தமிழா, இயந்திரம் என்று பெயரை மாற்ற வேண்டாமா என்று ஓர் உப தலைவர் கிளப்பினார். மூன்று மணித்தியாலச் சண்டைக்குப் பிறகு அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் 'இயந்திர மாற்றுப் பேரவை' தொடங்கினார். பேரவையிடம் மாற்றுவதற்குக் கார் இல்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

இரண்டு கிழமை ஐந்து மாதமாயிற்று. கொறற்றி பனிக்குள் சறுக்கிச் சறுக்கி ரயிலுக்கு நடந்தாள். ஞாயிறுகளில் முதல் ரயிலைப் பிடித்தாலும் வேலைக்குப் பிந்தியது. இரவு வேலை முடித்த மற்றவள் கோட்டைப் போட்டுக்கொண்டு இவளுக்காகக் கதவடியில் காத்து நின்றாள். தலைமைத் தாதி சிரித்தபடியே மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நோர்வேயில் அதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. ரயிலில் தெரிந்தவர்கள் கண்டால் கதைப்பார்கள், வீட்டிலிருந்து றெஜினோல்ட் போனில் தன் சப்பாத்தைத் தேடுவார். அவளுக்கென்று இருந்த இருபத்தைந்து நிமிடமும் போயிற்று.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை திறப்பு விழா வைத்தார்கள். மோர்டென்ஸ்ருட் மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில் நாடா கட்டி, மைக் பூட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு மூன்று தடவை காற்றில் அணைந்தது. ஸ்ரனிஸ்லாஸ் எஞ்சினுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஸ்ரீஸ்கந்தராசா பதறிப்போய், சூட்டில் பற்றிவிடும் என்று அதை எடுத்தார். "இந்த எஞ்சின் எங்கடை ஒற்றுமையின் சின்னம்" என்று தலைவர் முழங்கினார். பேரவைக்காரர் ஒருவரும் வரவில்லை. கடைசியில், முதல் ஓட்டத்துக்குக் கார் உரிமையாளர் அழைக்கப்பட்டார். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் உரிமையாளர் என்று ஒருத்தி இருப்பது குழுவுக்கு ஞாபகம் வந்தது.

கொறற்றி ஆசையோடு ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டியவள் குனிந்து மிதிகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் எண்ணினாள், மூன்றுதான்.

"அண்ணை, இந்த மூண்டாவது என்ன?"

"அது கிளட்ச்" என்று ஸ்ரனிஸ்லாஸ் மைக்கிலேயே சிரித்தார். "பெரிய எஞ்சின் எல்லே!"

கொறற்றி கைப்பையைத் திறந்து லைசன்ஸை எடுத்துக் கொடுத்தாள். "பின்பக்கத்தை வாசியுங்கோ. மைக்கிலையே வாசியுங்கோ."

"எழுபத்தெட்டு" என்று வாசித்தவரின் குரல் இறங்கிப்போனது.

"நான் ஒட்டோமெற்றிக்கிலை பாஸ் பண்ணின அண்டைக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்தது ஆர்?"

"நான்தான்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

றெஜினோல்ட் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் பாய்ந்தார். "உமக்கு இது தெரியாதே?"

"பழைய கியர்பொக்ஸ் இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது, கியர்க் காராய்ப் போகும், அக்காவைக் கேளுங்கோ எண்டு சொல்லத்தான் முதல் கூட்டத்திலை கை தூக்கினனான். பிற விடயங்களிலை எடுப்பம் எண்டியள். அதுக்கு முதல் ரோல்ஸ் வந்திடும்."

கொறற்றிக்கு அழுகை வந்தது. தன் கையால் பொரித்த ரோல்ஸே தன் காரைத் தின்றுவிட்டதே என்று வந்த அழுகை. அழுதால் மைக்கில் கேட்கும் என்று அடக்கிக்கொண்டாள். பிறகு காரைவிட்டு இறங்கி அந்த மைக்கையே பிடுங்கினாள்.

"பிற விடயங்கள்" என்றாள். "ஒண்டு, என்ரை பழைய எஞ்சினும் கியர்பொக்ஸும் திரும்ப ஏறோணும். ரெண்டு, ஏறுமட்டும் விடிய அஞ்சே முக்காலுக்கு ஆராவது ஒராள் வந்து என்னை வேலையிலை கொண்டுபோய் விடோணும். நாளைக்கு ஞாயிறு. தலைவர் வருவார். மூண்டு, இனிமேல் ரோல்ஸ் இல்லை."

"வழிமொழியிறன்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. றெஜினோல்ட் பழக்கதோஷத்தில் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் ஏற்றியது ஒன்பது நாளில் இறங்கி, பழையது ஏறியது. கூட்டம் ஒன்றும் நடக்கவில்லை. அவளை ஏற்றப்போக விடியத் தங்கள் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிச் சுரண்டிக் கை விறைத்த தலைவரும் போஷகரும் ஒவ்வொரு பின்னேரமும் கராஜுக்குப் போய், ஸ்ரீஸ்கந்தராசா கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் ஐந்தே முக்காலுக்குக் கொறற்றி தனியாக வெளிக்கிட்டாள். போனை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டாள். குரோருட் மேட்டில் கார் பழையபடி மூச்சு வாங்கியது. பின்னால் மணிச் சத்தம் கேட்டது. மின்சாரச் சைக்கிள் அம்மா முந்திக்கொண்டு போய்க் கையசைத்தார். கொறற்றியும் கையசைத்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. வலது கால் தன் வேலையைப் பார்த்தது, இடது கால் சும்மா இருந்தது.