வெசாக் சோறும் மஜீடின் நோன்பும்

பைறோஸாவும் சோமாவதியும் பார்த்தது ஒரே நிலாவைத்தான். ஆனால் ஆளுக்கொரு கணக்கில் பார்த்தார்கள். வினை அங்கேதான் முளைத்தது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, அதில் ஒரு கதவு. பள்ளிவாசல் முன்னால் மேளம் அடிக்கலாமா கூடாதா என்று எங்கேயோ கிளம்பிய சண்டை, தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு கொழும்புக்கும் வந்து, பைறோஸாவின் புருஷன் மஜீடின் துணிக்கடையைச் சாம்பலாக்கியது. அன்றைக்கே மஜீட் அந்தக் கதவில் ஆணி அடித்தார். சோமாவதியின் புருஷன் குணதாஸ கடையில் கை வைக்கவில்லை. வைத்தவர்களைத் தடுக்கவும் இல்லை. பிறகு ஆண்களுக்குள் பேச்சே கிடையாது. பெண்கள் மட்டும் வேலிப் பொத்தலில் குசுகுசுத்தார்கள். அந்த ஆணிகளைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று பைறோஸா ஒற்றைக்காலில் நின்றாள்.

புத்தர் திருநாளான வெசாக் பௌர்ணமியில் குணதாஸ தன் வாசலில் ஊருக்கே சோறு போடுவான். தெருவே பார்க்க மஜீட் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதுதான் பெண்களின் திட்டம். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்த பிறகு பைறோஸா தலையில் கை வைத்தாள். அந்தப் பௌர்ணமி நடு நோன்பில் அல்லவா வருகிறது! நாளை மாற்றினால் குணதாஸ சாக்கு என்பான். சரி, பொழுது இறங்கி நோன்பு திறந்ததும் போனால் போயிற்று என்று பெண்கள் இருவரும் நோன்பைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

அன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்த மஜீடைக் குணதாஸவே தெருவில் கையைப் பிடித்து இழுத்துப் போவான் என்று யார் கண்டது! உட்கார வைத்து, இலை போட்டு, தன் கையாலேயே பரிமாறினான். மஜீட் தொடவில்லை. குணதாஸவின் முகம் கறுத்தது. எங்கள் சோறு உனக்குக் கசக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். பொத்தலில் கண்ணை வைத்திருந்த பைறோஸா வேலியை இறுகப் பற்றினாள். எல்லாம் போச்சு!

"நான் நோன்பு, குணதாஸ" என்றார் மஜீட். "ஆனா நீ கையப் புடிச்சுக் கூப்பிட்ட. எப்பிடி வராம ஈக்கிற?"

குணதாஸ அந்த இலையின்மேல் இன்னோர் இலையைக் கவிழ்த்து மூடினான். பிறகு பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனும் ஒரு பருக்கை தொடவில்லை.

வெயில் சாய்ந்தது. வாசல்களில் தொங்கிய காகிதக் கூடுகளில் விளக்கேற்றத் தொடங்கினார்கள். வெசாக் மேளம் தெருவை அதிரவைத்தபடி வாசலுக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கூச்சலில் நோன்பு திறக்கும் பாங்கு எப்படிக் கேட்கும் என்று பைறோஸா தவித்தாள். குணதாஸ துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு மேளக்காரர்களின் முன்னால் ஓடினான்.

"நிறுத்துங்கடா! இவருக்குப் பாங்கு கேட்கவேண்டும்."

மேளம் நின்றது. பள்ளிவாசலிலிருந்து பாங்கு வந்தது. குணதாஸ இலையைத் திறந்தான்.

பைறோஸா ஆணி பிடுங்கும் சுத்தியலைத் தேடி உள்ளே ஓடினாள்.