சாக்கில் விளைந்த கிழங்கு

ரெங்கசாமி பதினெட்டு வருடம் உருளைக்கிழங்கு லோரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காப்பார், ஜெரம், கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் என்று கடை கடையாக இறக்கிக்கொண்டே போய், சுங்கை பெசாரில் கடைசி மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்புவார். வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றல் எல்லாம் கூடவே வரும் என்றாலும் கடைக்காரர்களுக்கு அவர் ‘கெழங்கு லோரிக்காரர்’தான். அப்படிப்பட்டவருக்கு உருளைக்கிழங்குச் செடி எப்படி இருக்கும் என்று தெரியாது. அதை அவர் முதன்முதலில் கண்ணால் பார்த்தது எண்பத்தாறாம் வருடம், லோரியை விட்டு இறங்கி வீட்டோடு கிடந்த காலத்தில்.

இறங்க வைத்தது இனிப்புநீர் வியாதி. ஒரு கண்ணில் சதா புகை மூட்டியது போல இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி லோரி ஓட்டக்கூடாது, சோற்றையும் கிழங்கையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாவதைக் கேட்டு ரெங்கசாமிக்கு அழுகை வந்தது. இரண்டாவதைக் கேட்டு, கூடப் போயிருந்த மனைவி சின்னத்தாய்க்குச் சிரிப்பு வந்தது.

அவர்கள் குடியிருந்தது புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, எண்ணெய்க்காகப் போட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில். சின்னத்தாய் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்த்ததால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில் இருந்தது. ஒரே மகள் பராசக்தி கிள்ளானில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அங்கேயே தோழிகளோடு தங்கியிருந்தாள். காலையில் சின்னத்தாய் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் ரெங்கசாமி மட்டும்தான். ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்குமா? அடுப்படி அலமாரியில் இருந்த டின்களை எல்லாம், லோரியில் சரக்கு அடுக்குகிற மாதிரி பெரியது கீழே சின்னது மேலே என்று அடுக்கி வைத்தார். சின்னத்தாய் வந்து சீரகத்தைத் தேடித் தேடி அலுத்துப்போனாள்.

“உங்களுக்கு வேலை வேணும்னா கொல்லையில எதயாச்சும் நட்டு வையிங்க. என் அடுப்படிய விட்டுருங்க” என்றாள்.

அவள் சொன்ன வாரமே, கூடையின் அடியில் மறந்து கிடந்த உருளைக்கிழங்கு நாலைந்து முளைவிட்டுச் சுருங்கிப் போயிருந்தது. தூக்கிப் போடப் போனவளிடமிருந்து ரெங்கசாமி வாங்கிக்கொண்டார். மூன்று பழைய சாக்குகளைப் பாதிக்குச் சுருட்டி, சுட்ட மண்ணும் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து போட்டு, முளையை மேல்பக்கம் வைத்துப் புதைத்தார். கொல்லை ரம்புத்தான் மரத்தடியில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் மூன்றையும் வரிசையாக வைத்தார்.

அடுத்த வீட்டு வேலம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “அண்ணே, இதெல்லாம் கேமரன் மலையில வெளயுற சாமான். இங்க மரவள்ளிய வையுங்க லா.” சைக்கிளில் அந்த வழியாக வந்த, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஆனந்தராஜாவும் நின்று பார்த்தார். அவருடைய மாமன் யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு போட்டவராம். மார்கழிப் பனி இல்லாவிட்டால் செடி வளரும், கிழங்கு விழாது என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பேர் சொன்னதையும் ரெங்கசாமி மறுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் மண்ணை முட்டிக்கொண்டு கரும்பச்சையாகத் துளிர் வந்தது. இலையைப் பார்த்தால் தக்காளிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. ரெங்கசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்தாய் வேலை முடிந்து வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“இத்தன வருசம் இவன முதுகுல ஏத்திக்கிட்டு அலஞ்சிருக்கேன். மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

செடி வளர வளரச் சாக்கை மேலே இழுத்துவிட்டு மண் அணைத்தார். அந்த வேலையைச் செய்கிறபோதெல்லாம் லோரி ஓட்டிய நாட்கள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கிழங்குதான் பராசக்தியைப் படிக்க வைத்தது. அந்தக் கிழங்குதான் அவருடைய அம்மாவைக் கடைசிவரை குறையில்லாமல் வைத்திருந்தது. என்ன விளைந்தாலும், விளைந்தது யாருக்குப் போக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருடக் கடைசியில், மழைக்காலத்தில் நடந்தது அது. சுங்கை பெசாருக்கு முன்னால் சாலையோரமாகவே பாரிட் ஓடும். வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற அகலமான வாய்க்கால் அது. மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ரெங்கசாமி ஓரங்கட்டியபோது சாலையின் விளிம்பு ஊறிப்போய் அப்படியே சரிந்தது. லோரி மெல்லச் சாய்ந்து, மூட்டைகளோடு பாரிட்டுக்குள் படுத்துவிட்டது. லோரியில் உதவிக்கு வந்த கெலிண்டான் நாராயணசாமி கதவு வழியே குதித்துவிட்டார். ரெங்கசாமியின் கால் பிரேக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் இடுப்புக்கு ஏறி நெஞ்சுக்கு வந்தது.

பாரிட்டுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் ஊரான கம்பத்திலிருந்து முதலில் ஓடிவந்தவர் பா’ தாருஸ். ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன், மூன்று ஏக்கர் வயல்காரர். தண்ணீரில் குதித்து, முங்கி, எதைத் திருகினாரோ எதை உடைத்தாரோ, ரெங்கசாமியை வெளியே இழுத்துவிட்டார். கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. கரையில் உட்கார வைத்ததும் ரெங்கசாமி தன் காலைப் பார்க்கவில்லை. தண்ணீரில் கிடந்த மூட்டைகளைத்தான் பார்த்தார். பாதி லோரிச் சரக்கு, அத்தனையும் லோரி முதலாளியான சீனத் தவுக்கேயின் முதல். நனைந்த கிழங்கு மூட்டைக்குள்ளேயே கிடந்தால் இரண்டே நாளில் கூழாகிவிடும். அந்தத் தவுக்கே கோபக்காரர். அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு டிரைவரை இதைவிடச் சின்னக் காரியத்துக்கு வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்து பா’ தாருஸின் மனைவி மா’ சோம் விஷயத்தைக் கேட்டார். ரெங்கசாமி தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். கிழங்கைக் கொட்டித் துடைத்துக் காற்றாடப் பரப்ப வேண்டும், வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது, கூரைக்குக் கீழே இடம் வேண்டும் என்றார். மா’ சோம் கம்பத்துப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

கம்பமே வந்தது. ஆண்கள் தண்ணீரில் இறங்கி மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். பா’ தாருஸ் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய கொட்டகை ஒன்று இருந்தது. அதில் பாயை விரித்துக் கிழங்கைக் கொட்டிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பழைய சாரோங்கைக் கிழித்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். நாராயணசாமி பட்டணத்துக்குப் போய்த் தவுக்கேக்குப் போன் போட்டார். அன்று ராத்திரி ரெங்கசாமி அவர்கள் வீட்டில்தான் படுத்தார். காலுக்கு மா’ சோம் ஏதோ இலையை அரைத்துக் கட்டியிருந்தார். கூரைமேல் திரும்பவும் மழை பிடித்து அடித்தது. கிழங்கு நனையாது என்ற நிம்மதியில் அவர் அசந்து தூங்கிப்போனார்.

மூன்றாம் நாள் தவுக்கே வந்து பார்த்தார். கொட்டகை நிறையக் கிழங்கு காய்ந்து கிடந்தது. அவர் வாயைத் திறந்து திட்டவில்லை. நாலு மூட்டையைக் கம்பத்துக்கென்று விட்டுவிட்டு மிச்சத்தை வேறு லோரியில் ஏற்றிக்கொண்டார். ரெங்கசாமியின் வேலையும் பிழைத்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போவார். நேரமிருந்தால் இறங்கி ஒரு கிளாஸ் காப்பி குடிப்பார். லோரியை விட்டதிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் மாதம் செடி மஞ்சளாகிச் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, வேலம்மாவும் வந்து நிற்க, ரெங்கசாமி சாக்குகளைக் கவிழ்த்தார். முதல் சாக்கில் கோலிக்குண்டு அளவில் பத்துப் பதினைந்து. இரண்டாவதிலும் அதே கதைதான். மூன்றாவதில் மட்டும் கோழிமுட்டை அளவுக்கு இரண்டு மூன்று இருந்தன. எல்லாவற்றையும் கழுவிப் போட்டால் ஒரு மைலோ டின் நிறைந்தது. கிராணி சொன்னது சரிதான். ஆனாலும் முழுக்கச் சரியில்லை.

ரெங்கசாமி டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இத எப்படி எடுத்துக்கிட்டுப் போறது? மூட்ட மூட்டயா ஏத்துனவன் டின்னுல கொண்டாந்து குடுத்தா சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டுமே” என்றாள் சின்னத்தாய். “உங்க உசுரக் குடுத்தவங்க. நான் இன்னும் அவங்க மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. கெளம்புங்க.”

கோலா சிலாங்கூரில் பஸ் மாறி அவர்கள் சுங்கை பெசார்ப் பக்கம் போய் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வயலெல்லாம் பச்சை. மா’ சோம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். யாரென்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த துணியை அப்படியே கொடியில் வீசிவிட்டு வந்தார். ஹார்ன் சத்தம் நின்றுபோனதும் இவர் செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தோம் என்று சொல்லி, சின்னத்தாயின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டின்னைத் திறந்து பார்த்துச் சிரித்தார். பல்லி முட்டை என்றார். சிரித்த கையோடு அதை அடுப்படிக்குக் கொண்டுபோய், உரித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று தோலோடு வேகவைத்து நெத்திலிச் சம்பாலில் போட்டுப் புரட்டினார். சின்னத்தாய்க்கு மலாய் அவ்வளவாக வராது. ஆனாலும் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியில் இரண்டு பேரும் இரண்டு பாஷையில் பேசிக்கொண்டிருந்தது ரெங்கசாமிக்குக் கேட்டது.

பா’ தாருஸ் வயலிலிருந்து வந்தார். தலை நரைத்திருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் தட்டில் இருந்த குட்டிக் கிழங்குகளைப் பார்த்து, “பரவாயில்ல, இந்தத் தடவை கிழங்கும் நனையல, நெல்லும் நனையல” என்று மலாயில் வேடிக்கையாகச் சொன்னார். மா’ சோம் சட்டென்று அவரைப் பார்த்தார். அவர் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

ரெங்கசாமி கையை நிறுத்தினார். என்ன நெல் என்று கேட்டார். அதெல்லாம் பழைய கதை, சாப்பிடுங்கள் என்றார் மா’ சோம். ரெங்கசாமி சாப்பிடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு பா’ தாருஸ் சொன்னார். அன்று அந்தக் கொட்டகை காலியாக இல்லை. அறுவடை முடிந்த நெல் மூட்டை மூட்டையாக அதில்தான் இருந்தது. கிழங்குக்கு இடம் வேண்டுமென்று, இவர் கரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அதை எல்லாம் வெளியே எடுத்துக் களத்தில் அடுக்கி பிளாஸ்டிக் போட்டு மூடினார்கள். ராத்திரி அடித்த காற்றில் பிளாஸ்டிக் கிழிந்துவிட்டது. பாதி நெல் நனைந்து முளைத்துப்போயிற்று. அந்த வருடம் கொஞ்சம் சிரமம்தான், மைத்துனன் வீட்டில் அரிசி வாங்கிச் சமாளித்தோம் என்றார். நேற்று வீட்டில் கோழி காணாமல் போனதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

கூரைமேல் மழை அடிக்க அடிக்க ரெங்கசாமி நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி அது.

“எட்டு வருசமா வந்து காப்பி குடிச்சிருக்கேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” என்று கேட்டார்.

மா’ சோம் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பாலை வைத்தார். “நெல் எங்களோடது. நனைஞ்சா எங்களோட போச்சு. கிழங்கு உன்னோடது இல்லையே. நீ இன்னொருத்தருக்குப் பதில் சொல்லணுமே” என்றார்.

ரெங்கசாமி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, பா’ தாருஸின் கையை இரண்டு கையாலும் பற்றித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். நல்ல கண்ணிலும் தண்ணீர், புகை மூடிய கண்ணிலும் தண்ணீர். என்ன சொன்னார்கள் என்று சின்னத்தாய் பதறிக் கேட்டாள். தமிழில் அவளுக்குச் சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கேட்டுவிட்டு மா’ சோமின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். ரெங்கசாமி பாதியில் விட்ட சோற்றைச் சாப்பிடச் சொல்லித் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நம்ம வீட்டுல எந்த நல்லது நடந்தாலும் மொதப் பந்தி இவங்களுக்குத்தான். சொல்லுங்க அவங்ககிட்ட” என்றாள். ரெங்கசாமி சொன்னார். மா’ சோம் தலையை ஆட்டிச் சரி என்றார்.

ரெங்கசாமி அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு நடவில்லை. அந்த மண் எதை விரும்புகிறதோ அதைக் கொடுத்தார். பயற்றங்காயும் மிளகாயும் கொல்லையில் மண்டிக்கொண்டு வந்தன. மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது கையில் புது அரிசி இருக்கும். டாக்டர் குறைக்கச் சொன்ன சோற்றை அந்த அரிசி வந்த நாட்களில் மட்டும் சின்னத்தாய் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாள்.

எண்பத்தெட்டில் பராசக்தியின் கல்யாணம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. முந்தின நாளே பா’ தாருஸ் குடும்பம் வந்து இறங்கிவிட்டது. மா’ சோம் பச்சைப் பட்டுப் பாஜு போட்டுக்கொண்டு பெண்ணின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். சைவச் சாப்பாடு என்பதால் அவர்களுக்கு ஹலாலா என்ற யோசனை இல்லாமல் உட்கார முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நிற்க, முதல் பந்தியில் யாரோ மலாய்க்காரர்களை உட்கார வைக்கிறாரே என்று சிலர் முணுமுணுத்தார்கள். சின்னத்தாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரிமாறும் பையன்களிடமிருந்து வாளியை வாங்கி, பா’ தாருஸ், மா’ சோம் இரண்டு பேர் இலைக்கும் தானே சோறு போட்டார்.