பெடியன்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தட்டச்சுக் கடைக்கு அப்பாசாமி மூன்றாவது முறையாக வந்தார். ராணுவத்தில் இருந்தபோது இலங்கைச் சண்டைக்குப் போய்வந்ததை இரண்டு நீள நோட்டுகளில் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் பழைய கூட்டாளிகள் கூடுகிறார்கள். ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும்.

"இன்னா மா, முடிஞ்சிதா? என் எழுத்து கோழி கிளறினாப்ல கீதுன்னு வூட்ல திட்டுவாங்கோ."

கடையில் வேலை பார்க்கும் ஜெபா சிரிக்கவில்லை. நோட்டை விரித்து அவர் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, இந்த எடம் மட்டும் சரியான்னு பாருங்க."

அவர் கண்ணாடியை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் மனப்பாடம். மழைக்காலம். ஒன்பது பேர் ஒரு வீட்டை நெருங்குகிறார்கள். ஒரு பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, "தம்பி, பெடியன் உள்ளுக்க கிடக்கிறான்" என்கிறாள். பெடியன் என்றால் புலிகள் இயக்கத்து ஆள் என்று கப்பலேறும் முன்பே சொல்லித் தந்திருந்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அப்பாசாமிதான் இந்தியில் சொன்னார், உள்ளே ஒருவன் பதுங்கியிருக்கிறான் என்று. ஒரே குண்டில் கூரை இறங்கியது. உள்ளே போய்ப் பார்க்கவில்லை, நடையைக் கட்டிவிட்டார்கள்.

"அந்தம்மா சொல்லலன்னா ஒம்போது பேரும் காலி. கூட வந்த கோவளத்து நீலமேகம் இன்னிக்கும் மீன் குடுத்தனுப்புறான், என் உசுர காப்பாத்துனவன்னு. அந்த மகராசி யாரோ!"

"எங்கம்மா யாழ்ப்பாணம், ஐயா. நான் இங்க அகதி முகாம்ல பொறந்தவ." ஜெபாவின் குரல் இறங்கியது. "பெடியன்னா பையன். இயக்கத்துக்காரங்களையும் சொல்லுவாங்கதான். ஆனா என் தம்பி காய்ச்சல்ல படுத்தா, பக்கத்து வீட்ல கேட்டா, அம்மா இப்படித்தான் சொல்லுவாங்க."

"இன்னா மா பேசற? தமிழ் தெரியும்னுதானே என்ன முன்னால நிறுத்துனாங்கோ."

வெளியே திருக்கழுக்குன்றம் பஸ் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பாசாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கைய புடிச்சிகினே இருந்தா மா. கூரை வுழுந்தப்பறந்தான் வுட்டா."

நோட்டை அவள் பக்கம் தள்ளி, "அத உங்கம்மா சொல்றாப்ல ஒரு தபா சொல்லு" என்றார்.

ஜெபா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் வாயில் அந்தச் சொற்கள் மெதுவாக வந்தன. அதில் யாரும் பதுங்கியிருக்கவில்லை. சாப்பிடாத பிள்ளை ஒன்று பாயில் சுருண்டு படுத்திருந்தது.

"இன்னொரு தபா."

"வேணாம் ஐயா." திரையைப் பார்த்தபடி கேட்டாள். "அந்தப் பக்கத்த எடுத்துடவா?"

"எடுக்காத. நான் சொன்னது சொன்னதுதான். கீழ ஒரு வரி சேத்துக்கோ. பெடியன்னா பையன்னு அடி."

அடித்தாள். விசைகளின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்புறம், ஐயா?"

அப்பாசாமி, அந்தப் பெண் பிடித்திருந்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டார்.